கண் மருத்துவமனையும் மென்பொருள் நிறுவனமும் சேர்ந்து ஏஐ கருவி செய்யும்போது: புதிதாகச் சேருபவர்களுக்கான வழிகாட்டி

சர்க்கரை நோயாளியின் விழித்திரையைப் படமெடுத்து, பாதிப்பு இருக்கிறதா என்று கணினியே சொல்லும் கருவிகள் பல நாடுகளில் புழக்கத்துக்கு வந்துவிட்டன. இந்தத் தொழில்நுட்பம் வளர்ந்த கதையில் தமிழ்நாட்டுக்கு நேரடிப் பங்கு உண்டு. கூகுள் ஆய்வாளர்கள் 2016-இல் ஜாமா மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில் கணினிக்குப் பயிற்சி தர 1,28,175 விழித்திரைப் படங்கள் பயன்பட்டன. அமெரிக்காவின் ஐபேக்ஸ் அமைப்போடு அரவிந்த், சங்கர நேத்ராலயா, நாராயண நேத்ராலயா ஆகிய மூன்று இந்தியக் கண் மருத்துவமனைகளும் அந்தப் படங்களைத் தந்தன. பிறகு அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளிகளிடம் நேரடியாகச் சோதித்த முடிவு 2019-இல் வெளிவந்தது.

இப்படி ஒரு கருவியை யாரும் தனியாகச் செய்துவிட முடியாது. படங்களும் மருத்துவ அறிவும் மருத்துவமனையிடம் இருக்கின்றன. கணினி நுட்பம் நிறுவனத்திடம். பரிசோதனைக்கு வரும் மக்களோ ஆரம்ப சுகாதார நிலையத்திடமோ முகாம் நடத்தும் அறக்கட்டளையிடமோ இருக்கிறார்கள். மூன்று தரப்பும் நேர்மையானவர்களாகவே இருந்தாலும், "அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று ஒவ்வொருவரும் நினைக்கும் இடத்தில்தான் நோயாளி மாட்டிக்கொள்கிறார். பொறுப்பான புதுமை என்று மேடையில் எவ்வளவு பேசினாலும், களத்தில் அது ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: தவறு தெரிந்தால் யார், எந்த நேரத்தில், யாரையும் கேட்காமல் நிறுத்தலாம்? கீழே உள்ள படிகள் எல்லாமே இந்தக் கேள்விக்கு முன்கூட்டியே எழுத்தில் பதில் வைப்பதற்கான வழிகள்.

படி 1: ஒரு பக்கத்தில் நோயாளியின் பாதையை எழுதுங்கள்

மாடல் (படங்களிலிருந்து கற்றுக்கொண்டு முடிவு சொல்லும் கணினி நிரல்), சர்வர், நிதி எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே ஒரு தாள். அதில் நோயாளி வாசலுக்குள் நுழைவதிலிருந்து சிகிச்சை முடிவது வரை வரிசையாக எழுத வேண்டும். யார் பதிவு செய்கிறார்? விழித்திரையைப் படமெடுக்கும் ஃபண்டஸ் கேமராவை இயக்குபவர் யார்? கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்களா, விட்டால் யார்? கருவியின் முடிவு யார் கையில் போகும்? பாதிப்பு என்று வந்தால் நோயாளி எந்த ஊருக்கு, எந்தப் பேருந்தில், எத்தனை நாளுக்குள் போக வேண்டும்? லேசர் சிகிச்சைக்கோ கண்ணுக்குள் போடும் ஊசிக்கோ பணம் யார் தருவது?

கடைசி இரண்டு கேள்விக்கும் பதில் இல்லையென்றால் திட்டத்தை அங்கேயே நிறுத்திவிடலாம். சிகிச்சைக்கு வழியில்லாத இடத்தில் நோயைக் கண்டுபிடித்துச் சொல்வதால் நோயாளிக்குக் கிடைப்பது பயம் மட்டுமே.

அதே தாளில் கருவி எடுக்கும் முடிவு எது என்பதும் ஒரே வாக்கியத்தில் வர வேண்டும். விழித்திரைப் பாதிப்பை உலகளவில் ஐந்து நிலையாகப் பிரிக்கிறார்கள்: இல்லை, லேசான, நடுத்தர, கடுமையான, புதிய ரத்தக் குழாய்கள் முளைத்த நிலை. விழித்திரையின் நடுப்பகுதியான மஞ்சள் புள்ளியில் வரும் வீக்கம் தனிக் கணக்கு. "நடுத்தரமோ அதற்கு மேலோ இருந்தாலும், மஞ்சள் புள்ளி வீக்கம் இருந்தாலும், படம் தெளிவில்லாமல் இருந்தாலும் கண் மருத்துவரிடம் அனுப்பு, மற்றவர்களை ஒரு வருடம் கழித்து வரச் சொல்" என்று எழுதினால் போதும். "கண் நோய்களைக் கண்டறியும்" என்று எழுதிவிடாதீர்கள். கண் அழுத்த நோயான கிளாக்கோமாவையும் அது பார்க்கும் என்று முகாமுக்கு வந்தவர் நம்பிப் போவார். கருவிக்கு அது சொல்லிக்கொடுக்கப்பட்டிருக்காது. எதைப் பார்க்காது என்பதையும் நோயாளிக்குத் தரும் சீட்டில் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும்.

படி 2: நிறுத்தும் அதிகாரத்தைப் பெயரோடு எழுதுங்கள்

கூட்டணிகளில் வழக்கமாக ஒரு வழிநடத்தல் குழு இருக்கும், அது மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும். திட்டமிட அது போதும். முகாமில் கருவி வரிசையாகத் தவறான முடிவு தரும் காலை பத்து மணிக்கு அந்தக் குழுவால் எந்தப் பயனும் இல்லை.

ஆகவே மூன்று அடுக்காக எழுதிக்கொள்ளுங்கள். முதல் அடுக்கில் கேமரா இயக்குபவரும் செவிலியரும். அன்றைய நாளுக்குக் கருவியை அணைத்துவிட்டுப் பழைய முறைக்குத் திரும்ப அவர்களுக்கு அதிகாரம் வேண்டும், காரணத்தை மாலையில் சொன்னால் போதும். இரண்டாவது அடுக்கில் ஒவ்வொரு தரப்பிலும் ஒரு மருத்துவப் பொறுப்பாளர் அல்லது தொழில்நுட்பப் பொறுப்பாளர். இவர்களில் யார் ஒருவர் சொன்னாலும் எல்லா மையங்களிலும் நிற்க வேண்டும். மீண்டும் தொடங்க மட்டும் எல்லாத் தரப்பின் கையெழுத்தும் வேண்டும். மூன்றாவது அடுக்கு, மூன்று தரப்பிலும் சம்பளமோ பங்கோ இல்லாத ஒரு வெளிக்குழு. திட்டம் ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்கு மாறும்போதெல்லாம் (கட்டங்கள் படி 7-இல்) ஒப்புதல் தர வேண்டியது அதுதான்.

நிறுத்த ஒருவர் போதும், தொடங்க எல்லோரும் வேண்டும் என்ற இந்த ஏற்பாட்டைப் பேச்சுவார்த்தையில் நிறுவனத் தரப்பு பெரும்பாலும் எதிர்க்கும். விட்டுக்கொடுக்கக் கூடாத சில வரிகளில் இதுவும் ஒன்று.

வெளிக்குழு வெறும் அலங்காரமாகிவிடும் என்ற சந்தேகம் நியாயமானதே. ஆனால் வேலை செய்த உதாரணமும் உண்டு. பிரிட்டனில், சூரிய ஒளியைத் திருப்பிவிடும் துகள்களை வானில் தூவிப் பூமியைக் குளிர்விக்க முடியுமா என்று ஆராய்ந்த ஸ்பைஸ் திட்டத்தில் பிரிஸ்டல், கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பல்கலைக்கழகங்கள் சேர்ந்திருந்தன. ஒரு கிலோமீட்டர் உயரத்தில் பலூனைக் கட்டி, குழாய் வழியாகத் தண்ணீரைத் தெளித்துப் பார்ப்பதாக 2011-இல் திட்டம். தெளிக்கப்போவது வெறும் தண்ணீர்தான், ஆபத்தும் இல்லை. இருந்தும் நிதி தந்த அமைப்புகள் ஐந்து நிபந்தனைகளோடு ஒரு சுயேச்சைக் குழுவை வைத்தன. எல்லா நிபந்தனைகளும் நிறைவேறாததால் சோதனை தள்ளிப்போனது. 2012 மே மாதம் அதைக் கைவிட்டார்கள். காப்புரிமை விண்ணப்பம் ஒன்று இருந்தது பின்னால் தெரியவந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். யாரிடம் என்ன காப்புரிமை, யாருக்கு எந்த நிறுவனத்தில் பங்கு என்ற பட்டியலை முதல் கூட்டத்திலேயே மேசைமேல் வைக்கச் சொல்வது இதனால்தான்.

படி 3: ஒப்பந்தம்

புரிந்துணர்வு ஒப்பந்தம் என்று இரண்டு பக்கம் கையெழுத்திட்டு, புகைப்படம் எடுத்து, அடுத்த வாரமே படங்களை அனுப்பத் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. அது போதாது. தரவுப் பரிமாற்றத்துக்குத் தனி ஒப்பந்தம் வேண்டும், அது கையெழுத்தாகும்வரை ஒரு படம்கூட வெளியே போகக் கூடாது.

இந்தப் பாடம் லண்டனில் கிடைத்தது. ராயல் ஃப்ரீ மருத்துவமனை அறக்கட்டளை, டீப்மைண்ட் என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனத்தோடு சேர்ந்து, சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்படுவதை மருத்துவருக்கு எச்சரிக்கும் ஸ்ட்ரீம்ஸ் என்ற செயலியை உருவாக்கியது. அதற்காக 2015-இல் சுமார் 16 லட்சம் நோயாளிகளின் பதிவுகள் கைமாறின. நோயாளிகளுக்குப் போதிய அளவில் சொல்லப்படவில்லை என்று கூறி, பிரிட்டனின் தகவல் ஆணையர் 2017 ஜூலையில் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பின்பற்றப்படவில்லை என்று முடிவு சொன்னார். சட்டப்படி தவறு யார் தலையில் விழுந்தது என்பதைக் கவனியுங்கள்: மருத்துவமனையின் தலையில். தரவுக்குப் பொறுப்பாளர் அதுதான். செயலி நல்ல நோக்கத்துக்குத்தான் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

அடுத்து நடந்தது இன்னொரு பாடம். டீப்மைண்ட் தன் மருத்துவப் பிரிவுக்கு ஒரு சுயேச்சை மதிப்பாய்வுக் குழுவை வைத்திருந்தது. 2018 நவம்பரில் அந்தப் பிரிவு கூகுளுக்குள் போவதாக அறிவிப்பு வந்தபோது அந்தக் குழுவும் முடிவுக்கு வந்தது. கையெழுத்திட்ட நிறுவனம் நாளை வேறொருவர் கைக்குப் போகலாம். போனால் என்ன ஆகும் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் கட்டாயம் தேட வேண்டிய வரிகள்:

- நோக்கம்: "நீரிழிவு விழித்திரைப் பாதிப்பைக் கண்டறிதல்" என்று மட்டும். "தொடர்புடைய பிற ஆய்வுகள்" என்ற சொற்கள் இருந்தால் அடித்துவிடுங்கள். விழித்திரைப் படத்திலிருந்து வயது, பாலினம், புகைப்பழக்கம் போன்றவற்றைக்கூடக் கணிக்க முடியும் என்று 2018-இலேயே ஆய்வு வந்துவிட்டது. காப்பீட்டு நிறுவனத்துக்கு அது எவ்வளவு இனிக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.
- இடமும் காலமும்: படங்கள் எந்த நாட்டுச் சர்வரில், எத்தனை மாதம், அழித்ததற்கு என்ன சான்று.
- பயிற்சி பெற்ற மாடல்: படங்களை அழித்தாலும் அவற்றிலிருந்து கற்ற மாடல் இருக்கும். அது யாருக்குச் சொந்தம், தரவு தந்த மருத்துவமனைக்கும் அரசு மையங்களுக்கும் என்ன விலையில் கிடைக்கும்.
- வெளியீடு: முடிவு மோசமாக வந்தாலும் வெளியிடும் உரிமை மருத்துவமனைக்கு உண்டு. நிறுவனம் முன்கூட்டிப் படிக்க 30 நாள் கேட்கலாம், தடுக்க முடியாது.
- கைமாற்றம்: நிறுவனம் விற்கப்பட்டாலோ இணைக்கப்பட்டாலோ தரவு ஒப்பந்தம் தானாகவே நின்று, புதிதாகப் பேச வேண்டும்.
- தவறின் செலவு: கருவி தவறவிட்ட நோயாளியின் சிகிச்சைச் செலவை யார், எந்த விகிதத்தில் ஏற்பது.

இந்தக் கடைசி வரியில்தான் பேச்சுவார்த்தை வாரக்கணக்கில் இழுக்கும். இழுக்கட்டும். இங்கே பதில் கிடைக்காத கூட்டணி, பின்னால் நீதிமன்றத்தில்தான் பதில் தேடும்.

படி 4: அனுமதிகள்

இந்தியாவில் இந்த வேலைக்கு நான்கைந்து வாசல்களைத் தாண்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நேரம் பிடிக்கும் என்பதால் இணையாகத் தொடங்குவது நல்லது.

மருத்துவமனையின் நெறிமுறைக் குழு முதல் வாசல். ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017 வழிகாட்டுதல்படி அதில் 7 முதல் 15 பேர் இருப்பார்கள், மருத்துவம் சாராதவர்களும் பொதுமக்கள் தரப்பில் ஒருவரும் உண்டு. மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவுக்கென்றே ஐசிஎம்ஆர் 2023-இல் தனி வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. விண்ணப்பம் எழுதும் முன் அதை முழுதாகப் படித்துவிடுங்கள். ஏற்கெனவே கோப்பில் இருக்கும் அடையாளம் நீக்கிய பழைய படங்களுக்குத் தனித்தனி ஒப்புதலிலிருந்து குழு விலக்கு தரலாம். அந்த முடிவைக் குழு எடுக்க வேண்டும், நீங்களாக எடுக்கக் கூடாது. வெளிநாட்டு நிறுவனம் பங்காளியாக இருந்தால் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவிடமும் போக வேண்டும். நோயாளிகளிடம் நேரடியாகச் சோதிக்கும் கட்டத்துக்கு முன், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே, இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவு செய்துவிட வேண்டும்.

நோயறியும் மென்பொருளும் இந்தியச் சட்டத்தில் மருத்துவச் சாதனம்தான். 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவச் சாதனங்களும் ஒழுங்குமுறைக்குள் வந்தன. 2017 விதிகளின்படி ஆபத்தின் அளவைப் பொறுத்து ஏ, பி, சி, டி என்று வகைப்படுத்துவார்கள். "நாங்கள் பரிந்துரை மட்டும்தான் தருகிறோம், முடிவு மருத்துவருடையது" என்று எழுதித் தப்பிக்கப் பார்க்கும் நிறுவனங்கள் உண்டு. மருத்துவரே இல்லாத முகாமில் அந்த வாசகத்துக்குப் பொருள் கிடையாது.

ஒப்புதல் படிவத்துக்கு வருவோம். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. தரவு எதற்கு என்று நோயாளிக்குத் தரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழியிலோ படிக்கும் வாய்ப்பு இருக்க வேண்டும், ஒப்புதலைத் தந்தது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது சட்டம். பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். வேலையைச் செய்வது வெளி நிறுவனமாக இருந்தாலும் பொறுப்பு தரவுப் பொறுப்பாளரிடமே நிற்கிறது; லண்டனில் கண்டதே இங்கும்.

படிவத்தை ஆங்கிலத்தில் எழுதி மொழிபெயர்க்கக் கொடுக்காதீர்கள். தமிழில் எழுதி, முகாமுக்கு வரும் ஐந்தாறு பேரிடம் வாசித்துக்காட்டி, "என்ன புரிந்தது?" என்று அவர்கள் வாயாலேயே சொல்லக் கேளுங்கள். "உங்கள் கண் படத்தைப் பார்த்துக் கணினி கற்றுக்கொள்ளும். பிறகு வேண்டாம் என்று சொன்னால் படத்தை அழித்துவிடுவோம். அதற்குள் கணினி கற்றுக்கொண்டதை அழிக்க முடியாது. நீங்கள் சம்மதிக்காவிட்டாலும் இன்றைய பரிசோதனை நடக்கும்." இந்த அளவு நேராக இருந்தால் போதும்.

தமிழ்நாடு அரசு 2020-இல் பாதுகாப்பான, நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. அதில் டீப்-மேக்ஸ் என்ற மதிப்பெண் அட்டை உண்டு. பன்முகத்தன்மை, நியாயம், தனியுரிமை, தணிக்கை, வேறு வட்டாரங்களுக்குப் பொருந்துதல் போன்ற தலைப்புகளில் கருவியை மதிப்பிடச் சொல்கிறது. அரசு மையங்களோடு வேலை என்றால் அந்த அட்டையை நீங்களே நிரப்பி எடுத்துக்கொண்டு போங்கள்.

படி 5: படங்களைத் தயார் செய்தல்

பெயரையும் மருத்துவ எண்ணையும் எக்செல் தாளிலிருந்து நீக்கிவிட்டால் அடையாளம் போய்விட்டது என்று நினைப்பது மிகப் பரவலான தவறு. அடையாளம் நான்கு இடங்களில் ஒளிந்திருக்கும்: கோப்பின் பெயரில், படத்தோடு சேர்ந்துவரும் எக்சிஃப் அல்லது டைகாம் தகவலில், சில கேமராக்கள் படத்தின் மூலையிலேயே அச்சிடும் எழுத்தில், வருகைத் தேதியில். சின்ன ஊரின் முகாம் தேதியும் வயதும் சேர்ந்தாலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். தேதியை ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு தற்செயல் எண்ணிக்கை நாட்கள் நகர்த்திவிடுங்கள்; வருகைகளுக்கு இடையிலான இடைவெளி மாறாது, உண்மைத் தேதி தெரியாது. படத்தின் வட்டத்துக்கு வெளியே உள்ள கறுப்புப் பகுதியை மென்பொருளால் வெட்டிவிட்டு, 500 படங்களை ஒருவர் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். இந்த வேலை மருத்துவமனைக் கட்டடத்துக்குள், மருத்துவமனை ஊழியரால் நடக்க வேண்டும். "அப்படியே அனுப்புங்கள், நாங்கள் நீக்கிக்கொள்கிறோம்" என்பதை ஏற்காதீர்கள்.

எது சரியான விடை என்று குறிப்பவர்கள் யார்? 2016 ஆய்வில் 54 கண் மருத்துவர்கள் வேலை செய்தார்கள், ஒவ்வொரு பயிற்சிப் படமும் 3 முதல் 7 முறை மதிப்பிடப்பட்டது. காரணம், மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து ஒத்துப்போகாது. லேசானதா நடுத்தரமா என்ற எல்லையில் அடிக்கடி வேறுபடும். முதலில் 200 படங்களை மூன்று பேரிடம் தனித்தனியே கொடுத்து எங்கே பிரிகிறார்கள் என்று பாருங்கள். பிரிந்த படங்களை விழித்திரை நிபுணர் ஒருவரோடு உட்கார்ந்து பேசித் தீர்த்து, அந்த முடிவுகளைப் படத்தோடு ஒரு குறிப்பேடாக வைத்துக்கொண்ட பிறகே மீதிப் படங்களைத் தொட வேண்டும்.

பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரிக்கும்போது படவாரியாகப் பிரித்தால் ஒரே நோயாளியின் வலது கண் பயிற்சியிலும் இடது கண் சோதனையிலும் போய்விடும். முடிவு பிரமாதமாகத் தெரியும், களத்தில் சறுக்கும். நோயாளிவாரியாகப் பிரியுங்கள். முடிந்தால் ஒரு மையத்தையே முழுதாகச் சோதனைக்கு ஒதுக்குங்கள். இன்னொன்று: கடைசிச் சோதனைக்கான படத் தொகுப்பு நிறுவனத்திடம் போகவே கூடாது. மாடலை மருத்துவமனைக் கணினிக்குக் கொண்டுவந்து ஓட்டச் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துத் திருத்தினால் அதுவும் பயிற்சியாகிவிடும் என்பதால், எத்தனை முறை ஓட்டலாம் என்ற எண்ணிக்கையையும் எழுதி வையுங்கள்.

படி 6: கேமரா இயக்குபவரோடு உட்காருங்கள்

இந்தப் படியை எல்லோரும் தாண்டிப் போவார்கள். கூட்டத்தில் தலைமை மருத்துவரும் நிறுவன மேலாளரும் இருப்பார்கள், தினம் இருநூறு பேரைப் படமெடுக்கப் போகிறவர் இருக்கமாட்டார்.

தாய்லாந்தில் நடந்ததைப் பாருங்கள். கூகுள் குழு அந்நாட்டுச் சுகாதாரத் துறையோடு சேர்ந்து பதும் தானி, சியாங் மாய் மாகாணங்களில் 11 மையங்களில் கருவியைப் பயன்படுத்திப் பார்த்து, 2020-இல் களநிலவரத்தை வெளிப்படையாக எழுதியது. முதல் ஆறு மாதத்தில் கருவிக்குள் போன 1,838 படங்களில் 21 விழுக்காட்டை, தரம் போதவில்லை என்று கருவி திருப்பிவிட்டது. இருட்டறை இல்லாத மையங்களில் கண்மணி விரியாமல் படம் மங்கியது. ஒரு பகுதி மட்டும் இருண்ட படத்தில் பாதிப்பு செவிலியரின் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தாலும் கருவி மறுத்தது. மறுக்கப்பட்டவர்கள் வேறொரு நாள் விடுப்பு எடுத்து, தொலைவில் உள்ள நிபுணரிடம் போக வேண்டும். ஒரு மையத்தில் இணையம் இரண்டு மணி நேரம் போனதில், 200 பேரைப் பார்க்க வேண்டிய நாளில் 100 பேரைத்தான் பார்க்க முடிந்தது. நோயாளிக்கு வீண் அலைச்சல் என்று நினைத்த சில செவிலியர்கள், ஆய்வில் சேர வேண்டாம் என்று நோயாளிகளிடம் சொல்லவும் செய்தார்கள். ஆய்வுக்கூடத்தில் அதே நுட்பம் நிபுணர்களுக்கு இணையாக இருந்தது. மங்கிய படத்தை ஏற்காமல் விடுவது பாதுகாப்பு என்று கட்டியவர்கள் நினைத்தார்கள். அந்தப் பாதுகாப்பின் பாரம் நோயாளியின் பயணச் செலவாக மாறியதைச் செவிலியர்தான் பார்த்தார்.

ஆகவே அரைநாள் ஒதுக்குங்கள். கேமரா இயக்குபவர், செவிலியர், முகாம் ஒருங்கிணைப்பாளர், சர்க்கரை நோயாளிகள் இரண்டு மூன்று பேர். கேள்வி ஒன்றே: "ஆறு மாதம் கழித்து இது தோற்றுப்போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம், ஏன் தோற்றது?" தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள், மேலதிகாரி முன்னால் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். பெரும்பாலும் இவை வரும்: மின்வெட்டு, அறை வெளிச்சம், கண்புரையால் முதியவர்களின் படம் மங்குவது, பேருந்து நேரம், "மெஷின் சொல்லுது, டாக்டர் எங்கே?" என்ற சந்தேகம்.

ஒவ்வொன்றுக்கும் மாற்று வழி எழுதுங்கள். அறைக்குத் தடித்த கறுப்புத் திரை. படமெடுக்கும் முன் நோயாளி இருட்டில் ஐந்து நிமிடம் உட்காரட்டும். ஒவ்வொரு கண்ணுக்கும் மூன்று முயற்சிவரை. அப்படியும் மங்கினால், மருத்துவர் அனுமதித்த இடங்களில் மட்டும் சொட்டு மருந்து. கண்மணி விரிய இருபது முப்பது நிமிடம் ஆகும், பிறகு சில மணி நேரம் பார்வை மங்கும், வண்டி ஓட்டக் கூடாது. குறுகிய கோணக் கிளாக்கோமா உள்ளவருக்கு ஆபத்தும் உண்டு. இணையம் போனால் படத்தைச் சேமித்து வைத்து மறுநாள் முடிவு சொல்ல ஒரு தொலைபேசிப் பதிவேடு. படம் மங்கியிருந்தாலும் பாதிப்பு கண்ணுக்குத் தெரிகிறது என்று செவிலியர் நினைத்தால், கருவியைத் தாண்டி நிபுணருக்கு நேரடியாகப் படத்தை அனுப்ப ஒரு பொத்தான். அந்தப் பொத்தானை மென்பொருளில் கேட்டு வாங்குங்கள்.

படி 7: மௌன ஓட்டம், அதன் கணக்கு

கட்டங்கள் மூன்று. முதலில் மௌன ஓட்டம்: கருவி முடிவு சொல்லும், யாருக்கும் காட்டாது; நோயாளிக்கு மருத்துவர் சொன்னதே நடக்கும். அடுத்து, கருவியின் முடிவு மருத்துவருக்குத் தெரியும், ஒவ்வொரு படத்தையும் அவரும் பார்ப்பார். மூன்றாவதில்தான் "பாதிப்பு இல்லை" என்ற முடிவைக் கருவி தனியாகச் சொல்லலாம். ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போக என்ன எண்கள் வேண்டும் என்பதை முதல் கட்டம் தொடங்கும் முன்பே எழுதிக் கையெழுத்திடுங்கள். எண்களைப் பார்த்த பிறகு எழுதும் நிபந்தனை நிபந்தனையாகாது.

எவ்வளவு பேரைச் சோதிக்க வேண்டும்? நோயுள்ளவர்களில் 90 விழுக்காட்டினரைப் பிடிக்கும் என்று நீங்கள் எதிர்பார்த்தால், அந்த எண்ணை 5 புள்ளி கூடக்குறைய நம்பிக்கையோடு சொல்ல நோயுள்ளவர் சுமார் 138 பேர் வேண்டும். 3 புள்ளிக்குள் என்றால் 384 பேர். வருபவர்களில் பத்தில் ஒருவருக்குப் பாதிப்பு என்றால் மொத்தம் முறையே 1,380, 3,840 பேர். ஐம்பது பேரை வைத்து "95 விழுக்காடு துல்லியம்" என்று வரும் துண்டறிக்கைகளை இந்தக் கணக்கோடு வைத்துப் படியுங்கள்.

வெளிவந்த ஆய்வின் எண்ணை ஒப்பந்தத்தில் எழுதிவிடாதீர்கள். 2016-இல் சேமிப்பிலிருந்த படங்களில், நோயை அதிகம் பிடிக்கும்படி வைத்த அமைப்பில், இரண்டு தொகுப்புகளில் 97.5, 96.1 விழுக்காடு நோயாளிகளைக் கருவி பிடித்தது. 2019-இல் நேரடி நோயாளிகளிடம் அரவிந்தில் 88.9, சங்கர நேத்ராலயாவில் 92.1. மக்கள் வேறு, அமைப்பு வேறு என்பதால் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனால் உங்கள் மையத்தில் வரப்போகும் எண் உங்கள் மையத்தில் மட்டுமே தெரியும்.

அடுத்து வெட்டுப்புள்ளி. கருவி தருவது ஒரு மதிப்பெண். எந்த மதிப்பெண்ணுக்கு மேல் "அனுப்பு" என்பதை மனிதர்கள்தான் தீர்மானிக்க வேண்டும். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 1,000 பேர் வருகிறார்கள், 100 பேருக்கு நோய். நோயுள்ளவரில் 90 விழுக்காட்டைப் பிடித்து, நோயில்லாதவரில் 90 விழுக்காட்டைச் சரியாக விடுவிக்கும் கருவி என்றால் 90 பேர் பிடிபடுவார்கள், 10 பேர் தவறிப்போவார்கள், நோயில்லாத 90 பேர் வீணாக அனுப்பப்படுவார்கள். அதே கருவியை நோய் குறைவான ஊருக்கு, 1,000-க்கு 30 பேர் மட்டுமே உள்ள இடத்துக்குக் கொண்டுபோனால் 27 பேர் பிடிபடுவார்கள், 97 பேர் வீணாக அலைவார்கள். கருவி மாறவில்லை, அனுப்பப்படுபவர்களில் முக்கால்வாசிக்கு மேல் நோயில்லாதவர்கள். இதோடு மங்கிய படத்துக்காக அனுப்பப்படுபவர்களையும் கூட்டுங்கள். முதல் ஊரில் 150 பேர் அப்படி என்றால் மொத்தம் 330-ஐ நெருங்கும். விழித்திரை மருத்துவர் நாளுக்குப் புதியவர் 40 பேரைப் பார்ப்பார் என்றால் எட்டு நாள் வேலை. அந்த இடமும் நேரமும் மருத்துவமனையில் இருக்கிறதா என்று புறநோயாளிப் பிரிவைக் கேட்காமல் வெட்டுப்புள்ளியை வைத்தால், காத்திருப்புப் பட்டியலில் கடுமையான நோயாளியும் வீணாக வந்தவரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். கடுமையான நிலை என்று கருவி சொன்னவர்களுக்குத் தனி வரிசை வைப்பது குறைந்தபட்ச ஏற்பாடு.

எல்லா எண்களையும் வயது, பாலினம், மையம், கேமரா வகை என்று பிரித்தும் பாருங்கள். மொத்த எண் நன்றாக இருந்து, எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் மட்டும் கருவி தடுமாறுவது சாதாரணமாக நடக்கும்.

படி 8: ஓடத் தொடங்கிய பிறகு

வாரம் ஒருமுறை நான்கு எண்கள் ஒரே தாளில் மூன்று தரப்புக்கும் போக வேண்டும்: மங்கிய படங்களின் பங்கு, அனுப்பப்பட்டவர்களின் பங்கு, அனுப்பப்பட்டவர்களில் உண்மையிலேயே மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர்கள், முடிவு வர ஆகும் நேரம். மூன்றாவது எண்ணை நிறுவனங்கள் கேட்பதில்லை, ஏனென்றால் அது மாடலின் தரத்தைக் காட்டுவதில்லை. திட்டத்தின் பயனைக் காட்டுவது அதுதான்.

கருவி "பாதிப்பு இல்லை" என்றவர்களை யாரும் திரும்பப் பார்க்கமாட்டார்கள். தவறு ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. மாதம் 100 படங்களைக் குலுக்கலில் எடுத்து நிபுணரிடம் கொடுங்கள். நூறிலும் ஒரு தவறுகூட இல்லையென்றால் தவறே இல்லை என்று ஆகிவிடாது. உண்மையான தவறு 3 விழுக்காடுவரைகூட இருக்கலாம். நான்கைந்து மாதம் சேர்ந்த பிறகே ஓரளவு நிம்மதியாகலாம்.

நிறுத்துவதற்கான எல்லைகளுக்குத் தொடக்கமாக இப்படி வைத்துக்கொள்ளலாம்: மங்கிய படங்கள் இரண்டு நாள் தொடர்ந்து 20 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த மையம் நிற்கும், அனுப்பப்படுபவர்களின் பங்கு முந்தைய மாதத்தைவிட இரட்டிப்பானாலோ பாதியானாலோ இரண்டாம் அடுக்குக்கு அழைப்பு, கடுமையான நிலை ஒன்றைக் கருவி தவறவிட்டது உறுதியானால் அன்றே எல்லா மையமும் மருத்துவர் பார்க்கும் இரண்டாம் கட்டத்துக்குத் திரும்பும். உங்கள் எண்கள் வேறாக இருக்கலாம், ஆனால் எண் இருக்க வேண்டும்.

கேமரா மாறினாலும், கேமராவின் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டாலும், மாடலின் பதிப்பு மாறினாலும் மௌன ஓட்டம் மறுபடி நடக்க வேண்டும். நிறுவனம் இரவோடு இரவாகப் புதிய பதிப்பை ஏற்றுவதைத் தடுக்க, எந்தப் பதிப்பு ஓடியது என்பது ஒவ்வொரு நோயாளியின் சீட்டிலும் அச்சாகும்படி கேளுங்கள். பின்னால் ஒரு பதிப்பில் குறை தெரிந்தால் யாரையெல்லாம் திரும்ப அழைக்க வேண்டும் என்பதை அந்தச் சீட்டுதான் சொல்லும்.

படி 9: கலைந்து போகும்போது

நிதி தீரலாம், நிறுவனம் வேறு தொழிலுக்குப் போகலாம். ஒப்பந்தம் முடிவதற்கு 90 நாள் முன்னால் ஒரு பட்டியல் எடுங்கள்: மருத்துவமனைக்கு அனுப்பியும் இன்னும் வந்து சேராதவர்கள், ஒரு வருடத்தில் திரும்ப வரச் சொன்னவர்கள், முடிவு நிலுவையில் உள்ளவர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பொறுப்பேற்கும் மருத்துவமனையின் கையெழுத்து வேண்டும். தொலைபேசியில் கிடைக்காதவர்களுக்கு அஞ்சல் அட்டை, அதுவும் திரும்பி வந்தால் கிராமச் சுகாதாரச் செவிலியர் வழியாகத் தகவல். நிறுவனத்தின் சர்வரில் உள்ள படங்கள், நகல்கள், காப்புப் பிரதிகள் அழிக்கப்பட்டதற்கான சான்று நெறிமுறைக் குழுவுக்குப் போக வேண்டும். கேமரா யாருடையது, அதன் பராமரிப்புச் செலவு இனி யாருடையது என்பதையும் அதே கோப்பில் எழுதிவிடுங்கள். கருவி போன பிறகும் அந்தக் கேமராவில் படமெடுத்து மருத்துவருக்கு அனுப்பும் பழைய வழி ஓடிக்கொண்டிருக்க முடியும்.